வி.ஆர். லேப் இருக்கற டென்டல் காலேஜ்ல சேந்தா கை சீக்கிரம் வருமா?

கோபி பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருந்தாருங்க. பொண்ணுக்கு பி.டி.எஸ். சேக்கறதுக்கு ரெண்டு காலேஜ் பாத்து வெச்சிருக்காங்களாம், ரெண்டுமே நம்ம கொங்குப் பக்கந்தான். ஒண்ணுல புதுசா வி.ஆர்., அதாவது வெர்ச்சுவல் ரியாலிட்டி லேப் போட்டிருக்கோம், புள்ளைங்க கண்ணாடிய மாட்டிட்டு கம்ப்யூட்டர்லயே பல்லு வெட்டிப் பழகிக்குவாங்க, பேஷண்ட் கிட்டப் போறப்ப பயமே இருக்காதுன்னு சொல்லி ஃபீஸும் ஜாஸ்தி சொல்றாங்க. இன்னொண்ணு பழைய காலேஜ், அந்த மாதிரி லேப் எல்லாம் கிடையாது, ஆனா காலைல நேரத்துலயே ஓ.பி.ல கூட்டம் நிக்குதுங்கறாங்க. எதுல சேக்கறது, இல்ல பழைய காலேஜ்லயே சேத்துப்போட்டு வீட்டுக்கு ஒரு ஹெட்செட் வாங்கிக் குடுத்துட்டா சரியாப் போயிருமான்னு கேள்வி. மேலால பாத்தா காலேஜ் பத்துன கேள்வியாத்தான் தெரியும், ஆனா அண்ணன் உள்ளுக்குள்ள கேக்கறது, மெஷின்ல பழகுன கை மனுஷன் வாய்க்குள்ள போனா வேலை செய்யுமாங்கறதுதானுங்க. அதைச் சொல்லிட்டா மத்தது தானா வந்துரும்.

நான் கன்சர்வேட்டிவ் டிபார்ட்மெண்ட் ஆளு, அதாவது சொத்தை எடுத்து அடைக்கறது, வேர் சிகிச்சை இதெல்லாம் சொல்லித்தர்ற வாத்தியார். ரெண்டாம் வருஷ லேப்ல புள்ளைங்க முதுகுக்குப் பின்னால நின்னு நின்னே பாதி ஆயுசு போச்சு. அதனால கீழ சொல்றதெல்லாம் பல்லு வெட்டற வேலைக்குத்தான் பொருந்தும், ஈறு ஆப்பரேஷன், இம்ப்ளான்ட் பக்கமெல்லாம் அந்தந்த டிபார்ட்மெண்ட்காரங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.

முதல்ல பழைய முறை எப்படின்னு தெரிஞ்சுக்கோணும். முதல் வருஷம் மெழுகுக் கட்டில பல்லு செதுக்கறது. ரெண்டாம் வருஷம் பிரீ-கிளினிக்கல், பெருசா வார்த்த பிளாஸ்டர் பல்லுல கேவிட்டி, அதாவது அடைக்கறதுக்கான குழி, கட் பண்ணி அளவு புரிஞ்ச பிறகு டைப்போடான்ட்ங்கற பிளாஸ்டிக் பல்லு செட்டு, அதை பேன்டம் ஹெட்ங்கற பொம்மைத் தலைக்குள்ள மாட்டி, பேஷண்ட் படுத்திருக்கற மாதிரியே சாய்ச்சு வெச்சு வெட்டறது. கூடவே புடுங்குன நிஜப் பல்லு. இதுக்காக புள்ளைங்க கைல ஒரு டப்பாவ எடுத்துட்டு ஊர்ல இருக்கற கிளினிக் ஒட்டுக்கா ஏறி இறங்குவாங்க, நல்ல கடவாப்பல்லு ஒண்ணு கிடைச்சா அன்னைக்கு தீபாவளி. இந்தப் பொம்மைத் தலை நேத்து வந்ததில்லீங்க, 1894-லயே ஆஸ்வால்டு ஃபெர்கஸ்ங்கறவர் கொண்டுவந்தது. நூத்தி முப்பது வருஷமா உலகம் பூராவும் பல் டாக்டர்க கை பழகுனது அதுலதான். அதனால வி.ஆர். இல்லாட்டி கை வராதுன்னு யாராவது சொன்னா அதைக் காதுல போட்டுக்காதீங்க. இருந்தா என்ன கூடுதலா கிடைக்கும், அதுதான் பேச்சு.

இன்னொரு குழப்பம் இருக்குங்க, வி.ஆர். லேப்னு போர்டு மாட்டியிருக்கற எடத்துல மூணு வெவ்வேற சாமான்ல எது வேணா இருக்கலாம். ஒண்ணு, வீடியோ கேம் ஆடற அதே ஹெட்செட், கைல ரெண்டு கன்ட்ரோலர். இதுல எந்த சாமானை எப்ப எடுக்கோணும், ஊசி எந்தக் கோணத்துல போகோணும், உள்ள நரம்பு எங்க ஓடுதுன்னு பாத்துக்கலாம், ஆனா பல்லைத் தொட்டா கைக்கு ஒண்ணுமே தெரியாது, கன்ட்ரோலர் லேசா அதிரும் அவ்வளவுதான். ரெண்டாவது, ஹாப்டிக் மெஷின். கைல புடிக்கற ஹேண்ட்பீஸ், அதாவது டிரில்லோட கைப்பிடி, ஒரு இயந்திரக் கையோட இணைஞ்சிருக்கும், திரைல தெரியற பல்லு மேல பர்ங்கற டிரில் முனை பட்டா அந்தக் கை நம்ம கையத் திருப்பித் தள்ளும். ஆம்ஸ்டர்டாம் டென்டல் காலேஜோட சேந்து மூக் கம்பெனி செஞ்ச சிமோடான்ட், லண்டன் கிங்ஸ் காலேஜ்ல உருவாக்குன ஹாப்டெல் எல்லாம் இந்த வகை. மூணாவது, பழைய பொம்மைத் தலையும் பிளாஸ்டிக் பல்லும் அப்படியே இருக்கும், கேமரா ஒண்ணு ஹேண்ட்பீஸப் பின்தொடர்ந்து, நாம வெட்டறதையும் சரியான அளவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டும், 90-கள் கடைசில வந்த டென்ட்சிம் அப்படித்தான். இந்த மூணுக்கும் விலையும் வேற, பலனும் வேற. ஹெட்செட் ஒண்ணு நல்ல போன் விலைக்குள்ள வந்துரும், ஹாப்டிக் மெஷின் ஒவ்வொண்ணும் லட்சக்கணக்குல போகும். ஆனா காலேஜ் நோட்டீஸ்ல எல்லாத்துக்கும் ஒரே பேரு.

ரெண்டாவது வகைதான் நெசமாவே கை பழகறதுக்குன்னு செஞ்சது, அதனால அது எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் சொல்றேன். கம்ப்யூட்டருக்குள்ள பல்லு சின்னச் சின்ன கட்டங்களா அடுக்கி வெச்சிருக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் இது மேல்தோடு எனாமல், இது அதுக்குக் கீழ இருக்கற டென்டின், இது சொத்தை, இது நடுவுல நரம்பு இருக்கற பல்ப்னு ஒரு கடினம் குறிச்சிருக்கும். பர் பட்ட கட்டம் அழியும், அழியறப்ப எவ்வளவு எதிர்ப்பு குடுக்கோணும்னு கணக்குப் போட்டு கைக்கு அனுப்பும். படம் விநாடிக்கு 60, 90 தடவை மாறுனாலே கண்ணு ஏமாந்துரும், ஆனா கை அவ்வளவு சுளுவா ஏமாறாது, விநாடிக்கு 1000 தடவை அந்தக் கணக்கைப் போட்டு அனுப்புனாத்தான் கெட்டியான பொருளைத் தொட்ட மாதிரி இருக்கும், கொறஞ்சா வழவழன்னு நடுங்கும். விலை கம்மியான இயந்திரக் கைகள் தர்ற அதிகபட்ச விசையே 3 நியூட்டன் சொச்சம்தான், அதாவது ஒரு 330 கிராம் எடை. ஏரோட்டார்ங்கற காத்துல சுத்தற டிரில்ல வெட்டறது மெதுவாத் தடவற வேலைங்கறதால அது ஓரளவுக்குப் போதும், ஆனா எனாமலோட கல்லு மாதிரி கெட்டி அதுல முழுசா வராது, கொஞ்சம் ரப்பர் கலந்தாப்புல இருக்கும். நிஜப் பல்லுல எனாமல் தாண்டி டென்டினுக்குள்ள பர் இறங்கற அந்த நொடி இருக்குதுங்களே, தேங்காய்ச் சிரட்டையத் தாண்டி கத்தி பருப்புக்குள்ள போற மாதிரி சட்டுனு இளகும், அதைத்தான் புள்ளைங்க விரல் மனப்பாடம் பண்ணோணும். நல்ல மெஷின்ல அந்த வித்தியாசம் தெரியும். பிளாஸ்டிக் பல்லு பெரும்பாலும் முழுக்க ஒரே பொருள், அதுல அந்த எளக்கமே தெரியாது. இந்த ஒரு விஷயத்துல மெஷின் டைப்போடான்ட்ட விட மேலன்னு நான் தயங்காம சொல்லுவேன்.

இன்னும் என்னவெல்லாம் உறுதியாச் சொல்லலாம்னா, கண்ணாடி பாத்து வேலை செய்யறது. மேல் கடவாப்பல்லை நேராப் பாக்க முடியாது, சின்ன வட்டக் கண்ணாடில பிரதிபலிப்பப் பாத்து வெட்டோணும், முன்னால நகத்துனா கண்ணாடில பின்னால போற மாதிரி தெரியும், மொதல்ல எல்லாருக்குமே தலை சுத்தும். மூளை அதைத் திருப்பிப் போட்டுப் பழக ஒரே வழி, திரும்பத் திரும்ப செய்யறது. அந்தத் திரும்பத் திரும்ப செய்யறதுக்குத்தான் இந்த மெஷின் சாமி மாதிரி, பல்லு தீராது, பர் தேயாது, பல்லுக்கு காசு குடுக்க வேண்டியதில்ல, கெட்டுப்போச்சுன்னா ஒரு பட்டன அமுக்கி மறுக்கா ஆரம்பிச்சுக்கலாம். அப்புறம் கிளாஸ் முழுக்க ஒரே சொத்தைய ஒரே மாதிரி குடுக்கலாம், புடுங்குன பல்லுல அது நடக்காது, ஒருத்தருக்கு நல்ல பல்லு வரும், ஒருத்தருக்கு பாதி உடைஞ்சது வரும். வெட்டுன ஆழம் எங்க மில்லிமீட்டர்ல பாதி தப்புச்சுன்னு அளந்து உடனே காட்டிரும். கிளாஸ் 2 கேவிட்டின்னு, பின்பல்லுல பக்கத்துப் பல்லை ஒட்டற பக்கம் வர்ற சொத்தைக்கு வெட்டற குழில, தரை ஆழம் ஒண்ணரைல இருந்து ரெண்டு மில்லிமீட்டர், டென்டினுக்குள்ள ஒரு மில்லிமீட்டர்ல பாதிக்கு மேல போகக் கூடாதுன்னு புத்தகத்துல ஆயிரம் தடவை படிச்சாலும், தான் வெட்டுனது சிவப்புல தெரியறப்பதான் மண்டைல ஏறும். ஆரம்ப கட்டப் புள்ளைங்களுக்கு இதெல்லாம் உதவுதுங்கறது பல ஊர்ல பாத்து ஒத்துக்கிட்ட விஷயம். அதோட மெஷின் சொல்ற மார்க்கும் வாத்தியார் சொல்ற திருத்தமும் சேந்து கிடைச்ச புள்ளைங்கதான் நல்லா தேறறாங்கங்கறதும் ஆராய்ச்சில வந்ததுதான், மெஷின் மட்டும்னா அவ்வளவு தேறாது. காரணம் லேசானது, மெஷினுக்கு வெட்டுன குழி தெரியும், வெட்டுன ஆளு தெரியாது. புள்ளை முதுக வளைச்சுட்டு உக்காந்திருக்கா, மோதிர விரல பக்கத்துப் பல்லுல ஊன்றாம அந்தரத்துல வெட்டுது, அதெல்லாம் திரைல வராது. விரல் ஊன்றாத பழக்கம் படிஞ்சுபோச்சுன்னா அப்புறம் மாத்தறது பெரிய கெரகம்ங்க.

மார்க் விஷயத்துல இன்னொரு சங்கடமும் இருக்குது. இந்தக் காலத்துப் புள்ளைங்க கேம் ஆடி வளந்தவங்க, ரெண்டு வாரத்துல அந்த மெஷின் எதுக்கு மார்க் குடுக்குதுன்னு கண்டுபுடிச்சுருவாங்க. வெட்ட வேண்டிய எடத்துல தொண்ணூறு சதவீதம் எடுத்தா பாஸுன்னா, ஒரு மாதிரி கொத்திக் கொத்தி தொண்ணூறு வாங்கிருவாங்க, குழியப் பாத்தா எலி கடிச்ச மாதிரி இருக்கும், ஆனா மெஷின் பச்சை லைட் போட்டுரும்.

இப்ப மெஷின்ல வராதத சொல்றேன். மொதல்ல சூடு. ஏரோட்டார் நிமிஷத்துக்கு மூணு நாலு லட்சம் சுத்து சுத்தும், தண்ணி சரியாப் படலீன்னா பல்லு உள்ளுக்குள்ள வெந்துரும். 1965-ல ஜாக்கும் கோஹெனும் குரங்குப் பல்லுல பாத்த ஆராய்ச்சி ஒண்ணு எல்லா டென்டல் பாடத்துலயும் வரும், பல்ப்போட சூடு 5.5 டிகிரி செல்சியஸ் ஏறுனாலே சுமார் 15 சதவீதம் பல்லுல பல்ப் செத்துப்போச்சு. மெஷின்ல தண்ணியும் இல்ல, புகையும் இல்ல, கருகற வாசமும் இல்ல, எவ்வளவு நேரம் அமுக்கிப் புடிச்சாலும் ஒண்ணும் ஆகாது, அதனால விட்டு விட்டு மெதுவா வெட்டற பழக்கம் அங்க வராது. அப்புறம் நாக்கு, கன்னம், எச்சில், சக்‌ஷன் டியூப், நடுவுல இருமற பேஷண்ட், ஊசி போட்டும் மரக்கலீங்கன்னு சொல்ற பேஷண்ட். கீழ்த்தாடை நரம்புக்குப் போடற ஊசி நல்ல அனுபவசாலிக்கே நூத்துல பத்துப் பதினஞ்சு தடவை புடிக்காமப் போகும், அப்ப பேஷண்ட் மூஞ்சியப் பாத்து என்ன பேசோணும்ங்கறத எந்த சாஃப்ட்வேரும் சொல்லித்தராது.

நம்ம ஊரு வாயும் அதுல இல்லீங்க. சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் போர்வெல் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அந்தத் தொந்தரவுக்காகவும் சேத்துத்தான் கொண்டுவந்தாங்க. அந்தத் தண்ணி குடிச்சு வளந்தவங்க பல்லு பழுப்பா, சில பேருக்கு குழிகுழியா இருக்கும், எனாமல் ஓரம் பொசுக்குனு உதிரும், பல்லு கலர் ஃபில்லிங் வெக்கறதுக்கு முன்னால தடவற ஆசிட் அதுல சரியாப் புடிக்காது, கூடுதல் நேரம் வெக்கோணும். தறி ஓட்டறவங்க, லாரி ஓட்டறவங்கன்னு புகையிலை, பாக்கு போடறவங்க எத்தனையோ பேரு, அதுல சில பேருக்கு கன்னம் உள்ளுக்குள்ள நார் நாரா இறுகி வாயே தொறக்காது. சாதாரணமா மூணு விரல் போற வாய்ல ரெண்டு விரல்கூடப் போகாது, அந்த வாய்ல கடைசி கடவாப்பல்லை எப்படிப் பாக்கறது? மெஷின்ல இருக்கற வாய் எப்பவும் நல்லாத் தொறந்திருக்கும், பல்லு எப்பவும் பளிச்சுனு பாடப் புத்தகத்துப் பல்லு. இந்த மாதிரி நம்ம பல்லை ஸ்கேன் பண்ணி உள்ள போட முடியாதான்னு கேட்டா முடியும், சில மெஷின்ல நாமளே கேஸ் ஏத்திக்கற வசதி இருக்குது, ஆனா அதுக்கு ஆர்வமா உக்காந்து செய்யற வாத்தியார் வேணும். சும்மா சொல்லலீங்க, நம்ம பக்கத்துல செய்யவேண்டிய வேலை அதுதான்னு நான் நெனைக்கறேன்.

சந்தேகமா நிக்கறது எதுன்னா, அண்ணன் கேட்ட அந்த மூலக் கேள்விதான். மெஷின்ல பழகுன திறமை பிளாஸ்டிக் பல்லுக்கு வருது, அது தெரிஞ்சுபோச்சு. நிஜ பேஷண்ட் வாய்க்கு எவ்வளவு வருது, ரெண்டு வருஷம் கழிச்சு அந்தப் புள்ளை வெச்ச ஃபில்லிங் நிக்குதான்னு பாத்த ஆராய்ச்சி கொறைவு. ஏன் கொறைவுன்னா பேஷண்ட்டுகள ரெண்டு கூட்டமாப் பிரிச்சு உனக்கு மெஷின்ல பழகுன புள்ளை, உனக்கு பழகாத புள்ளைன்னு விட்டு அளக்கறது லேசான காரியமில்ல, கேவிட்டியும் ஒருத்தருக்கு இருக்கற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காது. அதனால பேஷண்ட் கிட்ட பயமே இருக்காதுன்னு அட்மிஷன் ஆபீஸ்ல சொல்றாங்கன்னா அது வியாபாரப் பேச்சு. அதே மாதிரி மெஷின்ல மொத நாள் மார்க்க வெச்சு இந்தப் புள்ளைக்குக் கை வரும், இதுக்கு வராதுன்னு சொல்றதும் எனக்கு ஒப்பாது. மொத ரெண்டு மாசம் தடுமாறுன புள்ளைங்க கடைசில ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்கு வர்றப்ப பிரமாதமா வேலை செய்யறதப் பாத்துட்டே இருக்கேன்.

சரி, காலேஜுக்கு வருவோம். லேப் இருக்குதான்னு கேக்காதீங்க அண்ணா, ஒரு புள்ளைக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்னு கேளுங்க. ஒரு வருஷத்துக்கு 100 பேர் சேத்தற காலேஜ்ல 4 மெஷின் இருக்குது, வாரத்துக்கு 10 மணி நேரம் தொறந்திருக்குதுன்னு வெச்சுக்கோங்க, ஆளுக்கு வாரம் 24 நிமிஷம்தான் வருது. ஒரு கிளாஸ் 2 கேவிட்டி வெட்டறதுக்கே ஆரம்பத்துல முக்கால் மணி நேரம் ஆகும். அதுலயும் ஒரு மெஷின் ரிப்பேர், லைசென்ஸ் புதுப்பிக்கலீன்னா அதுவும் போச்சு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் துணிய எடுத்துத் தொடைக்கற லேபுகளும் உலகத்துல உண்டுங்க. பொம்மைத் தலை ஆளுக்கொண்ணு இருக்குதா, ரெண்டாம் வருஷ லேப்ல வாத்தியாருங்க எத்தனை பேரு நிக்கறாங்க, மூணாம் வருஷத்துல இருந்து ஓ.பி.ல கேஸ் புள்ளைங்க கைக்கு வருதா, இல்ல எம்.டி.எஸ். மேற்படிப்பு படிக்கறவங்களே எடுத்துக்கறாங்களா, கடைசி வருஷத்துல இத்தனை கேஸ் பண்ணோணும்ங்கற கோட்டா முடிக்கறதுக்கு புள்ளைங்க சொந்தக்காரங்களையும் பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வர்ற நிலைமையா, இதெல்லாம்தான் பாக்கோணும். இந்தக் கேள்விகள ஆபீஸ்ல கேட்டா எல்லாத்துக்கும் ஆமாங்கன்னுதான் பதில் வரும். கேன்டீன்ல போய் ஒரு டீய வாங்கிட்டு ஹவுஸ் சர்ஜன் புள்ளைங்க ரெண்டு பேரைக் கேளுங்க, வி.ஆர். லேப்ல எத்தனை தடவை உக்காந்தீங்கன்னு. சிரிச்சாங்கன்னா பதில் கிடைச்சுருச்சு.

நீங்க சொன்ன விவரம் மட்டும் வெச்சுப் பாத்தா, ஓ.பி. கூட்டம் நெசமா இருந்து, கேஸ் புள்ளைங்களுக்கு வருதுன்னா நான் பழைய காலேஜுக்குத்தான் கை காட்டுவேன். ரெண்டும் சமமா இருந்து ஒண்ணுல ஹாப்டிக் மெஷின் போதுமான எண்ணிக்கைல இருந்தா அதை எடுங்க, அது நல்ல கூடுதல்தான், வேண்டாங்கற ஆளு நானில்ல. ஃபீஸ் வித்தியாசம் உங்க வீட்டுக் கணக்கு, அதுல நான் தலையிட முடியாது.

வீட்டுக்கு ஹெட்செட் வாங்கறது வேண்டாங்க. மொதல்ல சொன்ன மாதிரி அதுல கைக்கு ஒண்ணும் வராது. அதோட ஒரு கண்ணுத் தொந்தரவும் இருக்குது, பல்லு வேலைல கண்ணுக்கும் பல்லுக்கும் 35, 40 சென்டிமீட்டர் தூரந்தான், ஆனா பெரும்பாலான ஹெட்செட்ல லென்ஸ் ஃபோகஸ் ஒண்ணே கால், ஒண்ணரை மீட்டர், அதுக்கும் மேலன்னு ஒரே எடத்துல நிக்கும். ரெண்டு கண்ணும் கிட்டப் பாக்கறதுக்கு உள்ள திரும்பும், லென்ஸ் தூரத்துக்கு ஃபோகஸ் பண்ணச் சொல்லும், அரை மணி நேரத்துல தலைவலி. அதனாலதான் நல்ல ஹாப்டிக் மெஷின்கள்ல ஹெட்செட் இல்லாம, கை இருக்கற எடத்துலயே படம் தெரியற மாதிரி கண்ணாடியச் சாய்ச்சு வெச்சு, சினிமாக்கு குடுக்கற மாதிரி 3டி கண்ணாடி குடுக்கறாங்க. பாப்பாவுக்கு இப்ப ஏதாவது செஞ்சே ஆகோணும்னு இருந்தா மெழுகுக் கட்டி ஒரு பாக்கெட்டும் அதைச் செதுக்கற லெக்ரான் கார்வர் ஒண்ணும் வாங்கிக் குடுங்க, சில நூறு ரூபாய்ல முடிஞ்சுரும், மொத வருஷம் எப்படியும் அதுதான். மேசைல ஒரு கண்ணாடிய நிமுத்தி வெச்சு, கைய நேராப் பாக்காம கண்ணாடியப் பாத்தே ஒரு நட்சத்திரத்து மேல பென்சில ஓட்டச் சொல்லுங்க, தினமும் பத்து நிமிஷம் போதும். மிச்சக் காச வெச்சிருந்து மூணாம் வருஷம் கிளினிக் போறப்ப 2.5 மடங்கு பெருசாக் காட்டற லூப்ஸ் கண்ணாடி வாங்கிக்கலாம். அதையும் ஆன்லைன்ல கண்ண மூடிட்டு ஆர்டர் போடாதீங்க, உக்காந்து வேலை செய்யற நிலைல கண்ணுக்கும் பேஷண்ட் வாய்க்கும் தூரம் எவ்வளவுன்னு அளந்துட்டு, அந்த அளவுக்குத்தான் வாங்கோணும்.